டெம்ப் அக்காவின் வெள்ளிக்கிழமை

நெய்வேலி வட்டாரத்தில் இரண்டு விஷயங்களுக்கு யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும். ஒன்று, தேசிய கீதம். இன்னொன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெம்ப் அக்கா பக்கத்தில் வந்து நின்று "எழுந்திரிங்க" என்று சொல்வது. தேசிய கீதத்திலாவது ஒரு நிமிஷத்தில் திரும்ப உட்கார்ந்துவிடலாம்.

அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அழகான, நீளமான பெயர். அதை அவர் ஊர் ஃபாதரும் பேங்கும் மட்டும்தான் உபயோகித்தார்கள். எங்களுக்கும், டீ கொண்டு வருகிறவருக்கும், கீழே மருந்துக் கடைக்காரருக்கும் அவர் டெம்ப் அக்காதான். அவருடைய வீட்டுக்காரரே ஒருமுறை ஆபீசுக்கு போன் செய்து, "டெம்ப் இருக்காங்களா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சுரங்கத்தில் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கு இரும்புப் படிக்கட்டு, பைப் தாங்கி, கன்வேயர் நிற்கிற சட்டம் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். முதலாளியை எஞ்சினியர் சார் என்போம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் அக்காதான் எங்களில் சீனியர்.

நாங்கள் வரைகிற சாஃப்ட்வேருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் ஒரு டிராயிங்கைத் திறந்தால், அது நமக்குத் தெரியாமல் தன் வசதிக்காகச் சில தற்காலிக ஃபைல்களை உண்டாக்கிக்கொள்ளும். ஒழுங்காக மூடினால் அவற்றை அதுவே அழித்துவிடும். கம்ப்யூட்டர் நடுவில் உறைந்து போனாலோ, கரண்ட் போனாலோ, போட்டது போட்டபடி ஓடிவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையை எடுக்காமல் போகிற மாதிரி. இந்த எச்சில் இலைகள் எல்லாம் டெம்ப் என்ற ஒரு ஃபோல்டரில் குவிந்து கிடக்கும். நாளாக ஆக கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று அவருக்கு ஒதுக்கியது ஆபீசிலேயே கிழட்டு கம்ப்யூட்டர். ஒரு கோடு போடச் சொன்னால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, டீ குடித்துவிட்டு வந்து போடும். புதுசு வாங்குவதாக எஞ்சினியர் சார் முடிவே பண்ணியிருந்தார். தன் பழசை அக்காவுக்குத் தள்ளிவிட்டு, புதுசைத் தான் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அக்கா சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்சைத் திறக்காமல் அந்த டெம்ப் ஃபோல்டரைத் திறந்தார். மத்தியானம் அந்த கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. சார் வந்து பார்த்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை.

அக்காவின் முறை தனி. முதலில் எங்களை எழுப்புவார். திரையில் ஃபைல்களை எல்லாம் வரிசையாக நிறுத்துவார். பிறகு பாத்ரூம் கதவைத் தட்டுகிற குரலில், "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்பார். ஏதாவது ஒரு ஃபைலை சாஃப்ட்வேர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் அது அழிய மறுக்கும். "ஆள் இருக்குது. இருக்கட்டும்" என்று மரியாதையாக விட்டுவிடுவார். அன்றைக்கு உண்டான எந்த ஃபைலையும் தொட மாட்டார். கேட்டால், "இன்னிக்குப் பொறந்தத இன்னிக்கே தூக்கக்கூடாதுங்க, பாவம்" என்பார். மற்றதெல்லாம் காலி.

இதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆபீசுக்கு வெளியிலும் அக்காவால் ஒரு கம்ப்யூட்டர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அவருடைய அண்ணன் மகன் கல்யாணம் மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்தது. ஆபீசே வேன் பிடித்துப் போயிருந்தோம். கோயிலில் பாட்டுக்குழு தயார், ஃபாதர் தயார், மாப்பிள்ளை கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார். மோதிரம் வைத்திருந்த கைப்பையோடு அக்காவைத்தான் காணவில்லை. விசாரித்ததில், ஃப்ளெக்ஸ் போர்டில் பெண்ணின் பெயரை ஒரு எழுத்து தப்பாக அடித்துவிட்டார்கள் என்று திருத்தி வாங்கி வர நெல்லிக்குப்பம் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். போனை எடுக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

கடையில், பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்காரரின் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணும் சாஃப்ட்வேர் விட்டுப்போகிற மிச்சம் எங்களுடையது போலச் சின்னச் சின்னதாக இருக்காது. ஒவ்வொன்றும் லாரி லோடு. கடை ஆரம்பித்த நாளிலிருந்து சேர்ந்ததால் கம்ப்யூட்டரில் இடமே இல்லாமல், பெண்ணின் பெயரைத் திருத்தினாலும் சேவ் ஆகவில்லையாம்.

"அக்கா, ஃபாதர் காத்துகிட்டு இருக்காருங்க" என்றேன்.

"இருங்க தம்பி. இன்னும் ரெண்டு ஃபோல்டருதான்."

கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். அக்காவைக் கூட்டிப் போய்த் தொலையுங்கள் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கூப்பிக்கொண்டு, இந்த அம்மாவை அரை நாள் இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா, மோதிரத்தை வேண்டுமானால் நீங்களே கொண்டு போகலாமே என்று கேட்டார்.

அன்றைக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. பாட்டுக்குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்து, கிறிஸ்மஸ் பாட்டுக்கு வந்திருந்தது. அக்கா உள்ளே நுழைந்ததும் அண்ணன் முறைத்தார். ஃப்ளெக்ஸில் பெயர் சரியாக இருக்கிறது என்று அக்கா சைகையில் சொன்னார்.

அடுத்தது, அக்கா ஒரு வேலைநிறுத்தத்தை உண்டாக்கப் பார்த்த கதை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று கேட்பதற்கு முன்னால், பர்மனன்ட்டா கான்ட்ராக்ட்டா என்றுதான் கேட்பார்கள். பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ரிட்டயர்மென்ட். கான்ட்ராக்ட் என்றால் கடவுள் விட்ட வழி. டெம்ப்பரரி என்ற சொல்லை இங்கே சத்தமாகச் சொன்னால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு கான்ட்ராக்டருக்காக அக்கா சில நாட்கள் சைட்டில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வரைந்தார். அங்கிருந்து எனக்கு போன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வர முடியாதாம். போன் லைன் கொரகொர என்றதால், அக்கா சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"தம்பி, வெள்ளிக்கெழமக்குள்ள டெம்ப்பரரி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. எத்தினி வருசமா கீதுன்னு பாத்துகினு இருக்காதீங்க. பழசு அத்தினியையும் தூக்கிடுங்க. இடத்த அடைச்சிகினு சும்மா கெடக்குதுங்க."

தகரத்துக்கு அந்தப் பக்கம் லாரியிலிருந்து பைப் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். பாதி பைப் லாரியிலேயே நின்றது. செய்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, டெல்லியிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கியிருக்கிறார், ஆளைக் குறைக்க லிஸ்ட்டோடு வந்திருக்கிறார் என்று ஆகியிருந்தது. சாப்பிட்ட டிபன் பாக்சைக் கழுவ அக்கா வெளியே வந்தபோது, கொட்டகையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்ற பெரியவர், கோபமாக இல்லாமல், நிதானமாகக் கேட்டாராம்: "யாரைம்மா தூக்கப் போற?"

அக்காவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்திருக்கிறார். அது உதவவில்லை. பெரியவரை உள்ளே அழைத்துப் போய்த் திரையைக் காட்டி விளக்கினார். இவையெல்லாம் ஃபைல்கள். வரையும்போது வேலைக்கு வந்தவை. வேலை முடிந்துவிட்டது. இனிமேல் தேவையில்லை, அதனால் தூக்குகிறோம்.

பெரியவர் திரைப் பக்கம் குனிந்தார்.

"இதுக்கும் அப்படித்தானா?" என்றார்.

அக்கா மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாராம். "ஐயா, நானும் கான்ட்ராக்ட்தாங்க" என்றாராம். கூட்டம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ அவர் கையிலிருந்த டிபன் பாக்சை வாங்கிக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பைப்பை இறக்கப் போய்விட்டார்கள்.

அதிலிருந்து சைட்டில் இருக்கும்போது அக்கா அந்தச் சொல்லை எடுக்கவே மாட்டார். போனில், "தம்பி, உமி பொடைச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். நான் "பொடைச்சாச்சுக்கா" என்பதைக் கேட்டு, எங்கள் வீட்டில் ரைஸ் மில் இருப்பதாகப் பக்கத்து சீட்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்து சீட்காரர்தான் குமரேசன். பெற்றோர் தேனிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். நல்ல டிராஃப்ட்ஸ்மேன். ஆனால் வரைகிற படத்தை முடிக்கும் வரைக்கும் சேவ் பண்ண மாட்டார். சேவ் பண்ண வேண்டுமானால் பெயர் வைக்க வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைத்தால் ஆகாது என்பது அவர் சித்தாந்தம். கம்ப்யூட்டரை அணைக்காமலே நாள் கணக்கில் வரைந்துகொண்டிருப்பார். அதே நேரத்தில் அவருடைய டெம்ப் ஃபோல்டர் எப்போது பார்த்தாலும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அக்கா அவரை எங்களுக்கு உதாரணமாகக் காட்டுவார். "குமரேசனப் பாருங்க, இன்னா சுத்தமா வச்சிகினு கீறாரு." நாங்கள் குமரேசனை வெறுத்தோம்.

ஒரு மார்கழி மாதம். குமரேசன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, சந்தனம். வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவரை சாமி என்று கூப்பிட்டோம். அக்காவும்தான். கழுத்தில் ஜெபமாலையோடு ஒருவர் எதிரே நின்று, "சாமி, சேவ் பண்ணீங்களா?" என்று கேட்பதும், சாமி பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வதும் அந்த மாதம் தினசரிக் காட்சி.

அந்த வாரம் சாமி வரைந்துகொண்டிருந்தது ஒரு பெரிய கன்வேயர் சட்டம். சனிக்கிழமை காலை கான்ட்ராக்டரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த வருஷம் முழுக்க எங்களுக்கு வேலை. கொடுக்காவிட்டால் ஆபீசில் பாதி நாற்காலி காலி என்று சார் முன்னாலேயே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வழக்கம்போல எல்லாரையும் எழுப்பினார், சுத்தம் செய்தார், சாமியின் சீட்டையும் பார்த்தார். ஒன்றும் இல்லை, எப்போதும்போல சுத்தம். சாமி திரும்ப உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கரண்ட் போனது.

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரின் வாசலில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனது போனதுதான். யூ.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது. கரண்ட் வந்தபோது சாமியின் திரையில் வெறும் கறுப்புப் பலகை. பெயர் வைக்காத பிள்ளை போயே போய்விட்டது.

சாஃப்ட்வேர் தானாக அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைக்கும். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது. அந்தப் பிரதி இருக்க வேண்டிய டெம்ப் ஃபோல்டரில் அது இல்லை. அந்த ஃபோல்டரைக் கடைசியாகத் தொட்டவர் யார்?

எஞ்சினியர் சார் எல்லார் முன்னாலும் அக்காவைக் கேட்டுவிட்டார். குப்பை குப்பை என்று கடைசியில் வேலையையே அள்ளிக் கொட்டிவிட்டீர்களே, உங்களை யார் இந்த வேலையெல்லாம் செய்யச் சொன்னது, இதற்கா சம்பளம் என்று இன்னும் சில. சாமி தலையைக் குனிந்துகொண்டு மாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா அத்தனையையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"இன்னிக்குப் பொறந்தத நான் தொட மாட்டேங்க சார்."

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை விட்டுவிட்டு, சாமியின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோல்டரைத் திறந்தார். சுத்தம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "தம்பி, இத்தினி வருசமா ஒரு தூசி கூட இல்லன்னா, பாய்க்கு அடியில தள்ளிகினு இருக்காங்கன்னுதான அர்த்தம்? நான் எப்டி யோசிக்காம பூட்டேன்?" என்றார்.

கம்ப்யூட்டர் முழுக்க அந்த வகை ஃபைல் எங்கே இருந்தாலும் தேடச் சொன்னார். பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போனது. திடீரென்று திரை நிறையக் கொட்டியது. நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே இடத்தில். ஃபோல்டரின் பெயர்: ஐயப்பன் பாட்டு.

குமரேசன் அப்போதுதான் தலையில் கை வைத்தார். எப்போதோ ஒரு நண்பரின் உதவியோடு அந்தப் பிரதிகள் போய் விழுகிற இடத்தை மாற்றி வைத்திருக்கிறார். அக்கா கையில் சிக்கினால் அழித்துவிடுவார் என்று பயம். அக்கா மற்றவர்களின் சாமி ஃபோல்டரைத் திறக்க மாட்டார் என்று நம்பிக்கை. ஒளித்து வைத்தவர், ஒளித்ததையே மறந்துவிட்டார். விரதத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதால் அத்தனையையும் மூச்சு விடாமல் ஒப்புக்கொண்டார்.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உங்க சாமி ரூமுங்க இது. நீங்களே தொறங்க."

குமரேசன் திறந்தார். அதற்கு மேல் அவருக்குக் கை ஓடவில்லை. சரியான ஃபைலைக் கண்டுபிடித்து, பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாலை மாற்றி, டிராயிங்காகத் திறக்க வேண்டும். தப்பாகத் தொட்டால் அதுவும் போகும். "அக்கா, நீங்களே பண்ணிடுங்க" என்றார்.

"நான் தொடலாங்களா?"

"நீங்கதான்க்கா தொடணும்."

அக்கா எழுந்தார். மாடிப்படி வரைக்கும் போனார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு மவுஸைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றியவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எஞ்சினியர் சார் தன் ஷூவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்.

டிராயிங் வந்தது. கன்வேயர் சட்டம் முழுசாக, கடைசி சில போல்ட் மட்டும் இல்லாமல். குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அந்த ஃபோல்டரை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "சாமி பாட்டுக்கு நடுவுல இத்தினி குப்பையப் போட்டு வச்சிகினு மலைக்குப் போறீங்களே, உங்க சாமி எப்டிங்க பொறுத்துகினு இருந்தாரு?" என்றார். அனுமதி வாங்கிக்கொண்டு பழையதையெல்லாம் எடுத்தார். ஒரு பாட்டு கூடக் குறையவில்லை. டிராயிங்குக்கு அங்கேயே, அப்போதே பெயர் வைக்கச் சொன்னார்.

சாருக்கு மன்னிப்புக் கேட்க வராது. சிலருக்கு நீச்சல் வராத மாதிரி. எழுந்து கீழே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் டீ கேன், ஒரு கையில் பஜ்ஜிப் பொட்டலம். முதலாளி கையால் டீ வருவதை அன்றைக்குத்தான் பார்த்தோம். அக்காவுக்கு முதல் டம்ளரை ஊற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அக்கா குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, அவர் வருஷக்கணக்காகத் தப்பித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"சார், உங்க கம்ப்யூட்டரு?"

அன்றைக்கு அவரால் மறுக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அக்கா உள்ளே போனார். வெளியே வந்தபோது எங்களுக்கு ஆவல் தாங்கவில்லை. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. சார் எங்கள் கண்ணில் படாமல் தனக்கு ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தாராம், வருஷக்கணக்காக. சமையலறை ஒரு பிரதியில் கிழக்கே, ஒன்றில் மேற்கே. "நல்ல வூடுங்க" என்று முடித்தார் அக்கா. "அதுல எதையும் நான் எடுக்கல. அது குப்ப இல்ல."

அக்காவின் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஒன்று ஒரிஜினல், ஒன்று பேக்கப்பா என்று போனில் கேட்டேன். "ரெண்டும் ஒரிஜினல்தாங்க தம்பி, ரெண்டும் ஒண்ணா அழுவுதுங்க" என்றார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனவர், அங்கேயே இருந்துவிட்டார். வழியனுப்பப் போன அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, குமரேசனிடம் "சேவ் பண்ணீங்களா?" என்றுதான் கேட்டார். வேறு ஏதாவது சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். பஸ் கிளம்பிவிட்டது.

சார் இப்போது எல்லாருக்கும் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார். மிச்சம் மீதியைத் தானே பெருக்கித் தள்ளிக்கொள்ளும் வகை. என்னுடையது காற்றைப் போல ஓடுகிறது. போன வாரம் கோயம்புத்தூருக்கு போன் போட்டு, ரொம்ப மெதுவாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை, கொஞ்சம் சொல்லுங்களேன் அக்கா என்றேன்.